நெடும்பயணத்திற்குப் பழைய வண்டியை ஆயத்தப்படுத்துதல்



பூச்சோங் வட்டாரத்துக் குடியிருப்புகளில் ஆங்காங்கே பழைய வேன்கள் நிற்பதை நாம் காண்கிறோம். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளையோ வேலையாட்களையோ ஏற்றிச் சென்ற வண்டிகள் அவை. இப்பொழுது வேலை ஓய்ந்து, தகரக் கூரையின் கீழே தூசி படிந்து நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது பல குடும்பங்களில் ஓர் ஆசை எழுவதுண்டு. "பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டால், வீட்டையே கூட்டிக்கொண்டு நாட்டைச் சுற்றி வரலாமே" என்பதே அந்த ஆசை.

ஆசை நல்லதுதான். கின்ராரா போன்ற தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின், ஒரே லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்த உறவுகள் திசைக்கொன்றாகப் பிரிந்துவிட்டன. அண்ணன் பேராவில், அக்காள் கெடாவில், மாமன் பகாங்கில் என்று இருக்கிறார்கள். பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு, வழியில் சமைத்து உண்டு, உறவினரைக் கண்டு திரும்புவது பெருமகிழ்ச்சி. ஆனால் குடும்பம் முழுவதையும் ஒரே வண்டியில் ஏற்றும்போது, குடும்பம் முழுவதன் உயிரையும் அந்த வண்டியின் கையில் ஒப்படைக்கிறோம். ஆகவே, நின்றுகிடந்த ஒரு பழைய வண்டியை நெடும்பயணத்திற்கு எப்படி ஆயத்தம் செய்வது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

பழைய வண்டி என்பதால் அது நெடுந்தூரம் போகாது என்று எண்ண வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர், இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் இலண்டனிலிருந்து புறப்பட்டுத் தரை வழியே வந்து, மலாயாவைக் கடந்து, 1956ஆம் ஆண்டு மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். அவற்றுள் 'ஆக்ஸ்ஃபோர்டு' என்னும் பெயருடைய வண்டி, பின்னாளில் அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள செயின்ட் ஹெலினா தீவில் சிதைந்த நிலையில் கிடந்தது. அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டார்கள். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, நம் நாட்டின் வழியாகச் சென்று, அந்த ஆண்டு டிசம்பரில் இலண்டன் போய்ச் சேர்ந்தது. அப்பொழுது அதன் வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வயது மட்டும் ஒரு வண்டியைத் தகுதியற்றதாக்குவதில்லை. கவனிப்பாரற்றுக் கிடப்பதே அதைக் கெடுக்கிறது.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். ஓடாமல் நிற்கும் வண்டி தேயாது என்பது பலருடைய நம்பிக்கை. அது சரியன்று. இரும்பு ஓட்டத்தால் தேய்கிறது. இரப்பரோ காலத்தால் மூப்படைகிறது. டயர், பிரேக் குழாய், பிரேக்கின் உள்ளே இருக்கும் கிண்ணங்கள், பெட்ரோல் குழாய், தண்ணீர்க் குழாய், விசிறிப் பெல்ட் ஆகியவை யாவும் இரப்பர் அல்லது இரப்பரைப் போன்ற பொருள்களே. ஒரு வேனில் உயிர் காக்கும் உறுப்புகளுள் பெரும்பாலானவை இரப்பரை நம்பியே இருக்கின்றன.

இரப்பரைப் பற்றி நம் பெரியவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மங்கிலே வடிந்த பாலையும், மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலையும் கையால் தொட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். பச்சை இரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் உறுதிபெறும் என்பதை 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். அப்படி உறுதிபெற்ற இரப்பரும் என்றென்றைக்கும் இருப்பதன்று. வெப்பமும் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதைச் சிறுகச் சிறுகத் தாக்குகின்றன. முதலில் பளபளப்புப் போகும். பிறகு மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். அதன்பின் ஒருநாள் பிளந்துவிடும்.

முதலில் டயரைப் பார்ப்போம். டயரின் பக்கச் சுவரில் எழுத்துகளை அடுத்து நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 2000ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட டயர்களில் இந்த முறை வழங்குகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 3218 என்று இருந்தால், 2018ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். எண்ணிக்கையில் மூன்றே இலக்கங்கள் இருந்தால், அது சென்ற நூற்றாண்டு டயர். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கழற்றிவிட வேண்டும். பூ வரி ஆழமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. ஆறு ஆண்டுகளைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டுவதும், பத்து ஆண்டு நிறைந்ததை எப்படி இருந்தாலும் மாற்றிவிடுவதும் நல்ல வழக்கம். மாற்று டயரின் எண்ணையும் பார்க்க மறவாதீர்கள். எல்லாவற்றிலும் மூத்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடேறும் முன், குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். வேனுக்குச் சுமை தாங்கும் டயரே பொருந்தும். விலை குறைவு என்று சிறிய காரின் டயரைப் பூட்டக் கூடாது.

இரண்டாவது பிரேக். நாம் பெடலை மிதிக்கும்போது, குழாயிலுள்ள பிரேக் எண்ணெய் அழுத்தத்தைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்கிறது. அந்த எண்ணெய் வெளியே கசியாமல் தடுப்பது ஒரு சிறு இரப்பர்க் கிண்ணம். கட்டைவிரல் நுனி அளவே உள்ள அந்தக் கிண்ணத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் மலை இறங்குகிறது. நின்றுகிடந்த வண்டியில் கிண்ணம் விறைத்திருக்கும். சிலிண்டருக்குள் துருவும் பிடித்திருக்கும். எனவே நான்கு சக்கரங்களையும் கழற்றி, சிலிண்டர்களைத் திறந்து பார்த்து, கிண்ணங்களையும் வளையும் குழாய்களையும் புதிதாகப் போட வேண்டும்.

எண்ணெயையும் முழுவதுமாக மாற்ற வேண்டும். ஏன்? பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. திறந்து வைத்த உப்பு மழைக்காலத்தில் நீர்த்துப் போவதைத் தாய்மார்கள் அறிவார்கள். இதுவும் அதைப் போன்றதே. டாட் 4 என்னும் வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கிவிடக்கூடும். மலைச்சரிவில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். குமிழ் நசுங்குமே தவிர அழுத்தத்தைக் கொண்டுசெல்லாது. பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த எண்ணெயை மாற்றுவது முறை.

பிரேக் எண்ணெய் குறைந்தால் இயந்திர எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கலாம் என்று எண்ணுவது பேராபத்து. இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். சாதாரண இரப்பர் வளையம் ஒன்றைச் சிறிது மண்ணெண்ணெயில் இட்டு, தீயிலிருந்து தள்ளி ஓரிரவு வைத்திருங்கள். காலையில் அது உப்பித் தளர்ந்திருக்கும். இயந்திர எண்ணெய் பட்ட பிரேக் கிண்ணத்தின் கதியும் அதுவே.

மூன்றாவது பெட்ரோல். ஓராண்டு நின்ற வண்டியின் தொட்டியிலுள்ள பெட்ரோல் கெட்டு, பிசின்போலக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். பழைய பெட்ரோலை வடித்து, தொட்டியைக் கழுவி, வடிகட்டியை மாற்ற வேண்டும். தொட்டியிலிருந்து இயந்திரம் வரை உள்ள இரப்பர்க் குழாய்கள் அனைத்தையும், அவற்றின் பிடிவளையங்களோடு சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். வெடித்த குழாயிலிருந்து சூடான இயந்திரத்தின்மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டி தீப்பற்றும். இயந்திரம் பின்னால் இருக்கும் பழைய வோக்ஸ்வேகன் வேன்களில் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். புகை தெரிவதற்குள் தீ பரவிவிடும். தீயணைக்கும் தூள் உருளை ஒன்று ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்திலும், மற்றொன்று பின்கதவருகிலும் இருக்கட்டும்.

நான்காவது இயந்திரத்தின் சூடு. ரேடியேட்டரைக் கழுவி, தண்ணீர்க் குழாய்களையும் மூடியையும் மாற்றி, குளிர்விக்கும் திரவத்தைக் குறிப்பிட்ட அளவில் தண்ணீரோடு கலந்து ஊற்ற வேண்டும். குழாயைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கல்போல் இருந்தாலும் தவறு, கொழகொழத்தாலும் தவறு. விசிறிப் பெல்டின் உட்புறத்தைத் திருப்பி வெடிப்பு உண்டா என்று பாருங்கள். ஓட்டும்போது சூட்டுமுள் ஏறினால் குளிர்சாதனத்தை நிறுத்தி, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். அரை மணி நேரமாவது ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்து போகச் செய்யும்.

ஐந்தாவது மின்சாரம். பேட்டரியின் முனைகளில் பூத்திருக்கும் வெண்பொடியைச் சுத்தம் செய்து இறுக்கி, விளக்குகள் அனைத்தையும் ஏற்றிப் பார்க்க வேண்டும். உறங்குமிடத்துக்கு விளக்கும் விசிறியும் போடுவதென்றால், அதற்குத் தனியாக இன்னொரு பேட்டரி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் இரவெல்லாம் விசிறி ஓடி, காலையில் வண்டி கிளம்பாது. புதிய கம்பி ஒவ்வொன்றுக்கும் பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். பழைய கம்பியோடு புதிய கம்பியை முறுக்கி நாடா சுற்றி விடுவது தீக்கு வழி திறப்பதாகும்.

இவை ஐந்தும் முடிந்த பிறகே மெத்தை, திரைச்சீலை, அலமாரி முதலியவற்றைப் பற்றி நினைக்க வேண்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வண்ணம் பூசி, மெத்தை தைத்து, பாட்டுப்பெட்டி பொருத்தி முடிந்ததும் கையிலுள்ள பணம் தீர்ந்துவிடும். பிரேக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டுவிடுகிறார்கள். மெத்தை இல்லாவிட்டால் பாயில் படுக்கலாம். பிரேக் இல்லாவிட்டால் என்ன செய்வது? பணம் போதவில்லையென்றால் பயணத்தை அடுத்த விடுமுறைக்குத் தள்ளி வைப்பதில் குறைவொன்றுமில்லை. அதுவரை பேருந்திலும் இரயிலிலும் உறவினரைப் போய்ப் பார்க்கலாம்.

இனி, வண்டிக்குள் வாழ்வதைப் பற்றிச் சில சொற்கள். படுக்கை என்பது வண்டி நிற்கும்போது மட்டுமே. ஓடும் வண்டியில் பிள்ளைகளைப் பலகைமேல் படுக்க வைப்பது, திடீரென்று பிரேக் போடும்போது அவர்களைத் தூக்கி எறிவதற்குச் சமம். நம் நாட்டில் பின்னிருக்கையில் அமர்வோரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்னும் விதி 2009ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. பழைய வேனில் பின்னால் பட்டை இல்லாவிட்டால், வண்டியின் சட்டத்தோடு உறுதியாகப் பொருத்தச் செய்யுங்கள். எத்தனை பட்டை உண்டோ அத்தனை பேரே பயணிகள்.

சமையல் வண்டிக்கு வெளியே இருக்கட்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையிலே தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். வீட்டுப் பெரிய உருளையை வேனில் ஏற்ற வேண்டாம். இதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் விழிக்கவும் மாட்டார். இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனம் போட்டுக்கொண்டு உறங்குவதும், மூடிய வண்டிக்குள் அடுப்போ கரியோ எரிப்பதும் கூடவே கூடாது. இரவில் சன்னல்களைச் சற்றுத் திறந்து, கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

பாரத்தையும் கணக்கிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 40 லிட்டர்த் தொட்டி 40 கிலோ. பலகை, மெத்தை, அரிசி, பாத்திரம், எட்டுப் பேர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், வண்டி தாங்கக்கூடிய எடையை அறியாமலே தாண்டிவிடுவோம். கனமான பொருள்கள் கீழே இருக்கட்டும். கூரைமேல் மூட்டை ஏற்றினால் வளைவுகளில் வண்டி சாயப் பார்க்கும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. இருக்கைகளைக் கழற்றுவதும், வண்டியின் அமைப்பை மாற்றுவதும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதிக்கு உட்பட்டவை. ஆணி அடிக்கும் முன்பே அலுவலகத்தில் கேட்டு, வேண்டிய பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். அனுமதியின்றி மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால், காப்புறுதி கிடைப்பதும் சிக்கலாகலாம்.

எல்லாம் முடிந்தபின் உடனே நெடும்பயணம் போகலாமா? கூடாது. முதலில் வெள்ளோட்டம். ஒரு சனிக்கிழமை முழுக் குடும்பத்தோடும் முழுச் சுமையோடும் மோரிப் கடற்கரைக்குப் போய் ஓரிரவு தங்கித் திரும்புங்கள். திரும்பியதும் வண்டியின் அடியில் அட்டை விரித்து எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். சக்கர மரைகளை மறுபடியும் இறுக்குங்கள். மற்றொரு நாள் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை ஏறி இறங்குங்கள். ஏறும்போது சூட்டுமுள்ளும், இறங்கும்போது பிரேக்கும் தங்கள் குறையைச் சொல்லிவிடும். வீட்டுக்கு அருகில் தெரியும் கோளாறு நூறு வெள்ளியோடு போகும். காட்டு நடுவில் தெரிந்தால் இழுவை வண்டிக்கே பல மடங்கு கொடுக்க நேரும்.

இப்பொழுது பயணம். பூச்சோங்கிலிருந்து ஈப்போ, கோலகங்சார், கிரிக், ஜெலி வழியாகக் கோத்தா பாரு சென்று, கீழைக் கரையோரமாகக் கோல திரங்கானு, குவாந்தான் கண்டு, காராக் வழியே திரும்பினால் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் வரும். ஒரு வாரம் ஒதுக்கிக்கொண்டால் பதற்றம் இராது. கோலகங்சாரில் சற்று நில்லுங்கள். 1877ஆம் ஆண்டில் அங்கே நட்ட இரப்பர் மரங்களுள் ஒன்று காக்கப்பட்டு வருகிறது. நம் முன்னோரின் உழைப்புக்குத் தொடக்கமாக நின்ற மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கிரிக்கிலிருந்து ஜெலி வரை செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அடர்ந்த காடு, நீண்ட ஏற்ற இறக்கம், எண்ணெய் நிலையம் அரிது, யானைகள் சாலையைக் கடக்கும். கிரிக்கிலேயே தொட்டியை நிரப்பி, காலையில் நுழைந்து, பகலிலேயே கடந்துவிட வேண்டும்.

மலை இறங்கும்போது ஒரு விதியை மனத்தில் இருத்துங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அந்தக் கியரிலேயே இறங்குங்கள். கியரைக் குறைத்தால் இயந்திரமே வண்டியைப் பிடித்து இழுக்கும்; பிரேக் சூடேறாது. பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே இறங்குவதும், எண்ணெய் மிச்சமென்று நியூட்ரலில் விடுவதும் உயிருக்கு உலை வைக்கும் செயல்கள். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டதை நாடே அறியும். மலைச்சரிவு யாருக்கும் இரக்கம் காட்டுவதில்லை.

ஓட்டுபவர் இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி இளைப்பாற வேண்டும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால், எச்சரிக்கை விளக்கைப் போட்டு, எல்லாரையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள். பழுதான வண்டிக்குள்ளே பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். விசிறிப் பெல்ட், குழாய், பிடிவளையம், பியூஸ், விளக்குக் குமிழ், ஜாக்கி, கைவிளக்கு, ஐந்து லிட்டர் தண்ணீர், முதலுதவிப் பெட்டி ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும்.

நேயர்களே, இந்த வேலைகளைப் பயணத்துக்கு முதல் வாரத்தில் செய்து முடிக்க இயலாது. இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். பட்டறைக்காரர் வேலை செய்யும்போது வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரையாவது அருகில் நிற்க வைத்து, எது எதற்காக மாற்றப்படுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கழற்றிய பழைய கிண்ணத்தையும் குழாயையும் கேட்டு வாங்கி, விரலால் வளைத்துப் பாருங்கள். பால்மரத்தின் பட்டையைத் தொட்டே அதன் நலத்தைச் சொன்ன கைகளுக்கு, எந்த இரப்பர் உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று கண்டறிவது கடினமன்று. அந்தக் கைகளின் அறிவை வண்டிக்கும் பயன்படுத்துங்கள். உறவினர் வீட்டு வாசலில் எல்லாரும் நலமாய் இறங்குங்கள்.